மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரை: 101-க்கு போன் பண்ணிட்டீங்க... வண்டி வரும் வரை என்ன செய்யணும்?

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பொன்னேரி தீயணைப்பு நிலையத்திலிருந்து கிளம்பும் வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்தாலும் அரை மணி நேரம் ஆகிவிடும். ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்து முடிய அவ்வளவு நேரம் தேவையில்லை. தண்ணீரில் மூழ்கியவருக்கோ சில நிமிடங்கள்தான் கெடு. அப்படியென்றால் ஏரிக்கரை ஊர்களுக்குத் தீயணைப்பு நிலையம் எப்படி உதவுகிறது? வண்டி வரும் வரை நாம என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது தொடங்கியது?

சென்னை நகரில் 1908-ல் தீயணைப்புப் படை தொடங்கப்பட்டது. பின்னர் மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. 1985-ல் இதற்கெனத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று துறையின் பெயர் ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, புயலில் சாலையில் சாய்ந்த மரம், வெள்ளத்தில் சிக்கிய குடும்பம் என எல்லாவற்றுக்கும் ஓடி வருவது இவர்கள்தான். பெயரில் உள்ள ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

ஏப்ரல் 14-ல் ஏன் அஞ்சலி?

1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சு மூட்டைகளும் வெடிபொருட்களும் இருந்தன. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் வெடிப்பில் பலியானார்கள். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம் என எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் மீஞ்சூர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

மீனவக் குப்பங்களில் என்ன ஆபத்து?

நைலான் வலை எளிதில் உருகும். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டால் காயம் ஆழமாகும். ஃபைபர் படகும் எரியக்கூடியதுதான். வலை, படகு இன்ஜின், எரிபொருள் கேன் எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் வைத்தால், ஒரு பொறி போதும். ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விடும்.

அடுத்தது தண்ணீர். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. இப்படி ஒரு விபத்தில் முதலில் போய்ச் சேரக்கூடியவர்கள் பக்கத்தில் படகு வைத்திருக்கும் மீனவர்கள்தான். தீயணைப்பு வீரர்கள் வந்த பிறகும், ஏரியில் எங்கே ஆழம், எங்கே சேறு, முகத்துவாரத்தில் நீரோட்டம் எப்படி என்று ஊர்க்காரர்கள் சொன்னால்தான் தேடுதல் வேகமாகும்.

போனில் என்ன சொல்லணும்?

101 அல்லது 112-க்கு அழைக்கலாம். ஊர்ப் பெயர், அருகில் உள்ள கோயில், சர்ச், பள்ளி போன்ற அடையாளம், எது எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, வண்டி நுழையப் பாதை இருக்கிறதா ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள். ஒருவர் மெயின் ரோட்டுக்கு வந்து நின்று வழிகாட்டினால் நேரம் மிச்சம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093.

வண்டி வரும் வரை?

* முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். பொருளை எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீர்கள்.
* டீசல், பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மணலைக் கொட்டுங்கள்.
* கேஸ் கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து விடுங்கள். ஸ்விட்சைத் தொடாதீர்கள்.
* மூழ்குபவரைப் பார்த்ததும் குதிக்காதீர்கள். கயிற்றில் கட்டிய காலி கேனோ வலை மிதவையோ வீசுங்கள்.
* உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும்.

தீ அணைந்த பிறகு?

தீயணைக்க வருவதற்குக் கட்டணம் கிடையாது. வலை, படகு எரிந்திருந்தால் தீயணைப்புத் துறையின் தீ விபத்து அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் கேட்கும்போது அது கைகொடுக்கும். குடிசை எரிந்திருந்தால் விஏஓ-விடமும் உடனே தகவல் சொல்ல வேண்டும். நிவாரணம் வருவாய்த் துறை வழியாகத்தான் வரும்.

தீத்தொண்டு வாரத்தில் வீரர்கள் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் போய்ச் செயல்விளக்கம் தருவது வழக்கம். எங்க குப்பத்துக்கும் வாங்க என்று நிலைய அலுவலரிடம் ஊர் சார்பில் மனு கொடுக்கலாம். வண்டி வந்து சேராத அந்த அரை மணி நேரத்துக்கான பயிற்சி அங்கேதான் கிடைக்கும்.