இணையச் சூதாட்ட மென்பொருட்கள் தீநிரலாக அடையாளம் காணப்படல்

இணையச் சூதாட்ட மென்பொருட்கள் தீநிரலாக அடையாளம் காணப்படல் என்பது, இணையவழியில் பணம் கட்டி விளையாடுவதற்காகக் கணினியிலோ நகர்பேசியிலோ நிறுவப்படும் மென்பொருளை, நச்சுநிரல் எதிர்ப்பிகளும் பிற பாதுகாப்பு மென்பொருட்களும் மால்வேர் எனப்படும் தீநிரலாகவோ விரும்பத்தகாத நிரலாகவோ வகைப்படுத்தி எச்சரிப்பதைக் குறிக்கும். இவ்வெச்சரிக்கை ஒரே பொருளைக் கொண்டதன்று. உண்மையான திருட்டு நிரலுக்கும், அலுவலகக் கணினியில் விளையாட்டு வேண்டாம் என்ற கொள்கைக்கும், வெறும் தவறான கணிப்பிற்கும் ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள எச்சரிக்கைப் பெட்டியே திரையில் தோன்றுகிறது. குழப்பத்தின் வேர் இதுவே.

காரணங்கள்

நச்சுநிரல் எதிர்ப்பிகள் தீங்கான நிரல்களை மட்டும் தேடுவதில்லை. தம்மளவில் தீங்கற்றவையாயினும் பயனர் அறியாமல் கணினியில் இருக்கக்கூடாதவற்றிற்கெனத் தனி வகைகளையும் வைத்துள்ளன. காஸ்பர்ஸ்கி நிறுவனம் இத்தகையவற்றின் பெயருக்கு முன் "நச்சுநிரல் அன்று" என்ற பொருள்தரும் முன்னொட்டையே இடுகிறது. செருமனியின் அவிரா நிறுவனம், விளையாட்டுகள் என்றே ஒரு வகையைத் தன் எதிர்ப்பியில் சேர்த்திருந்தது. பணியிடக் கணினிகளில் ஊழியர் விளையாடுவதைத் தடுக்க விரும்பும் நிர்வாகிகளுக்காக அது அமைந்தது. அதில் அகப்படும் நிரல் கெட்டது என்பதில்லை. அங்கு இருக்கவேண்டியதன்று என்பதே பொருள்.

இரண்டாவது காரணம் பரப்பும் முறை. 2000களில் இணையக் காசினோக்கள் பலவும் முகவர்கள் வழியாகவே பயனரைச் சேர்த்தன. நிறுவப்படும் ஒவ்வொரு படிக்கும் முகவருக்குத் தரகு உண்டு. எனவே காசினோ நிரலை வேறு இலவச மென்பொருளுடன் பொதியாகக் கட்டி அனுப்புவதும், கேளாமல் முகப்புத்திரையில் குறும்படம் வைப்பதும், உலாவியின் முகப்புப் பக்கத்தை மாற்றுவதும் நடந்தன. இங்கு பாதுகாப்பு நிறுவனங்கள் எதிர்த்தது சூதாட்டத்தை அன்று, ஒப்புதலின்றி நுழைவதையே.

மூன்றாவது காரணம் பொறியியல் சார்ந்தது, பலரும் கவனிக்காதது. போக்கர் போன்ற விளையாட்டு நிரல்கள், மனிதருக்குப் பதிலாக ஆடும் தானியங்கி நிரல்களைப் பிடிப்பதற்காகக் கணினியில் இயங்கும் பிற செயல்முறைகளை நோட்டமிடுகின்றன. பிறர் பிரித்துப் படிக்காதபடி தம் நிரற்கோப்பைச் சுருக்கியும் மறைத்தும் வைக்கின்றன. தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. ஓர் உளவு நிரல் செய்வனவும் இவையே. நடத்தையைக் கொண்டு கணிக்கும் எதிர்ப்பிக்கு, காவலாளிக்கும் கள்வனுக்கும் வேறுபாடு தெரியாமற்போவதில் வியப்பில்லை. இது தவறான நேர்மறை எனப்படும்.

உண்மையான தீநிரல்கள்

எச்சரிக்கை முற்றிலும் சரியாக இருந்த நிகழ்வுகளும் உள்ளன. விளையாட்டுத் தளங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் எடுக்கும் தரகில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுண்டு. அத்தொகையைக் கணக்கிட உதவுவதாகக் கூறிப் பரப்பப்பட்ட ஒரு சிறு நிரலுக்குள், தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட்டும் பின்கதவும் இருந்ததை 2006 மே மாதத்தில் பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் வெளிப்படுத்தியது. அது போக்கர் தளங்களின் பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் திருடியது. திருடியவர் அக்கணக்கில் நுழைந்து, தன்னுடைய மற்றொரு கணக்கிடம் வேண்டுமென்றே தோற்றாலே போதும், பணம் கைமாறிவிடும்.

2015 செப்டம்பரில் சுலோவாக்கியாவின் ஈசெட் நிறுவனம் ஓட்லனார் என்ற உளவு நிரலைப் பற்றி எழுதியது. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் போக்கர் ஆகியவற்றின் சாளரம் திறந்திருக்கும்போது அது திரையைப் படம்பிடித்து அனுப்பியது. எதிராளியின் கையிலுள்ள சீட்டுகளைத் தாக்குபவர் பார்த்துக்கொண்டே ஆடினார். இவ்விரு நிகழ்வுகளிலும் தீங்கு விளையாட்டு நிரலில் இல்லை. கணக்கீட்டுக் கருவி, பொதுப் பயன்பாட்டு மென்பொருள் என்ற பெயரில் வந்த துணை நிரல்களிலேயே இருந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் இச்சிக்கல் கணினியைவிட ஆண்ட்ராய்டு நகர்பேசியிலேயே பெரிதாக எழுந்தது. பணம் கட்டி ஆடும் செயலிகளைக் கூகுள் தன் பிளே அங்காடியில் இந்தியாவுக்கு நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2020 செப்டம்பர் 18 அன்று பேடிஎம் செயலியே சூதாட்ட விதிமீறல் என்ற காரணத்தால் அங்காடியிலிருந்து சில மணி நேரம் நீக்கப்பட்டது. எனவே ரம்மி, கற்பனைக் கிரிக்கெட் போன்றவற்றை நடத்திய நிறுவனங்கள் ஏபிகே கோப்பைத் தம் சொந்த வலைத்தளத்தில் வைத்தன. அதைத் தரவிறக்குபவருக்கு, இவ்வகைக் கோப்பு கருவிக்குத் தீங்கு செய்யலாம் என்ற எச்சரிக்கை தோன்றும். அதைத் தாண்டி, அறியப்படாத மூலங்களிலிருந்து நிறுவுவதற்கும் அவர் அனுமதி தரவேண்டும்.

இவ்வெச்சரிக்கை தன் வணிகப் பெயருக்குக் களங்கம் விளைவிக்கிறது என வின்சோ நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2023-இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. அங்காடிக்கு வெளியிலிருந்து வரும் கோப்புகளுக்குப் பொதுவாகக் காட்டப்படும் அறிவிப்பு அது, பயனர் விரும்பினால் தொடர்ந்து தரவிறக்கலாம் என்பதே அதன் அடிப்படை. சட்டப்படி இது பொருத்தமான முடிவே. ஆனால் எல்லாக் கோப்புகளுக்கும் வரும் எச்சரிக்கை எந்தக் கோப்பைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. "பரவாயில்லை, நிறுவு" என்பதை அழுத்துமாறு நிறுவனங்களே பயனருக்குப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தன. அப்பழக்கம், அதே பெயரிலும் சின்னத்திலும் வரும் போலிச் செயலிகளுக்கும் வழிதிறந்தது.

2022 செப்டம்பர் 28 முதல் ரம்மி, தினசரிக் கற்பனை விளையாட்டு ஆகிய இரண்டை மட்டும் சோதனை முறையில் கூகுள் அங்காடியில் அனுமதித்தது. பிற விளையாட்டுகளை விட்டுவிட்டது பாரபட்சம் என்ற வின்சோவின் முறையீட்டின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் விசாரணைக்கு ஆணையிட்டது.

தமிழ்நாட்டில் விவாதம் வேறு திசையில் சென்றது. 2022 ஜூனில் வட சென்னையின் மணலி புதுநகரில், இணைய ரம்மியில் பணத்தை இழந்த பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே மாதத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திற்கு ஆளுநர் 2023 ஏப்ரலில் இசைவளித்தார். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. எனினும் ரம்மியையும் போக்கரையும் திறன் சார்ந்தவை எனக் கொண்டு தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. பாதுகாப்பு மென்பொருளின் எல்லை இங்கு தெளிவாகிறது. ஒருவர் தானே இட்ட பணத்தைத் தானே தோற்கும்போது செயலி, தான் சொன்னதையே செய்கிறது. எந்த எதிர்ப்பியும் அதைக் குறையாகக் காணாது. கருவிக்குத் தீங்கற்றது என்ற சான்று ஆடுபவருக்குத் தீங்கற்றது என்ற சான்றாகாது.

மகாதேவ் புக் உள்ளிட்ட 22 செயலிகளையும் தளங்களையும் முடக்க நடுவண் அரசு 2023 நவம்பர் 5 அன்று ஆணையிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றித் தடைசெய்யும் நடுவண் சட்டத்திற்குக் குடியரசுத் தலைவர் 2025 ஆகத்து 22 அன்று ஒப்புதல் அளித்தார். பெரிய உள்நாட்டு நிறுவனங்கள் பண விளையாட்டை நிறுத்திக்கொண்டன. அங்காடியில் இடமில்லாத செயலிக்கு எஞ்சியிருப்பது வலைத்தளத்திலோ அரட்டைக் குழுவிலோ பகிரப்படும் ஏபிகே கோப்பு மட்டுமே.

எச்சரிக்கையைப் படித்தல்

ஐயத்திற்குரிய கோப்பைப் பல எதிர்ப்பிகளைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதிக்க 2004-இல் எசுப்பானியாவில் தொடங்கப்பட்ட வைரசுடோட்டல் தளம் உதவுகிறது. 2012 முதல் இது கூகுளின் உடைமை. முடிவில் எத்தனை எதிர்ப்பிகள் சிவப்புக் காட்டின என்ற எண்ணிக்கையைவிட, அவை இட்ட பெயரே முக்கியமானது. எடுத்துக்காட்டாக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் எதிர்ப்பி, டிரோசன் என்பதையும் இடர்நிரல், விரும்பத்தகாத நிரல் என்பவற்றையும் வெவ்வேறு பெயர்களால் குறிக்கிறது. பின்னவை இரண்டும் நிரலின் நடத்தை பற்றியவை. முன்னது நேரடியான தீங்கைச் சொல்வது.

நகர்பேசியில் செயலி கேட்கும் அனுமதிகளே தெளிவான அடையாளம். குறுஞ்செய்திகளைப் பெறுதல், அவற்றைப் படித்தல், பிற செயலிகளின் அறிவிப்புகளைக் கவனித்தல், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சேவை ஆகிய நான்கும் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் திருடப் பயன்படுபவை. உலாவி, அரட்டைச் செயலி போன்றவற்றின் வழியே வந்து இவற்றைக் கோரும் செயலிகளை நிறுவவிடாமல் தடுக்கும் வசதியைக் கூகுள் பிளே புரொடெக்ட் 2024 பெப்ரவரியில் சிங்கப்பூரில் சோதித்தது. இந்தியாவுக்கும் விரிவாக்குவதாக அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. முந்தைய பொது எச்சரிக்கையைப் போலன்றி, இது கோப்பு எங்கிருந்து வந்தது என்பதோடு அது எதைக் கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

வழக்குகள்

விரும்பத்தகாதது என முத்திரையிடப்பட்ட நிறுவனங்கள் எதிர்ப்பி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுப்பதும் உண்டு. சூதாட்டத்தோடு தொடர்பில்லாத விளம்பர மென்பொருள் நிறுவனமான சாங்கோ, காஸ்பர்ஸ்கிக்கு எதிராக அமெரிக்காவில் தொடுத்த வழக்கு இதில் முன்னோடியானது. பயனர் வெறுக்கத்தக்கதெனக் கருதக்கூடியதைத் தடுக்கும் கருவிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என 2009-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் முத்திரையிட்டால் அப்பாதுகாப்பு கிடைக்காது என, எனிக்மா நிறுவனம் மால்வேர்பைட்சுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2019-இல் அதே நீதிமன்றம் வரம்பிட்டது.