கீழே விழுந்தவர் நடிக்கிறாரா? 72 ஆண்டுகளாக எழுதப்படும் ஒரு விதியின் கதை



மருத்துவத்தில் "மாலிங்கரிங்" என்றொரு சொல் உண்டு. ஏதோ ஓர் ஆதாயத்துக்காக, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது. லீவுக்காக வயிற்று வலி, கேஸுக்காக கழுத்து வலி... நாங்கள் பார்க்காததா!

ஆனால் இதில் எங்களுக்கு ஒரு பெரிய சிக்கல். சர்க்கரையை அளக்கலாம். ரத்த அழுத்தத்தை அளக்கலாம். வலியை அளக்கும் மெஷின் இன்னும் வரவில்லை. "0 முதல் 10 வரை எவ்வளவு வலிக்குதுங்க?" என்று கேட்டு, சொல்வதை நம்பித்தான் ஆரம்பிக்கிறோம்.

இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, ஒரு விளையாட்டு பல பத்தாண்டுகளாக விதிக்கு மேல் விதி எழுதிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கன் ஃபுட்பால்.

அந்த ஆட்டம் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று, இது கடிகாரத்தோடு ஆடும் ஆட்டம். மொத்தம் 60 நிமிடம். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணிக்கு 3 டைம் அவுட் மட்டுமே.

இரண்டு, ஆட்டம் துண்டு துண்டாக நடக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு "பிளே". சில விநாடி மோதல், பிறகு சிறு இடைவெளி, மறுபடி மோதல். அந்த இடைவெளியில்தான் மூச்சு வாங்குவதும் ஆள் மாற்றுவதும்.

மூன்று, யாருக்காவது அடிபட்டால் ஆட்டம் நிற்கும். டைம் அவுட் தீர்ந்திருந்தாலும் நிற்கும்.

மூன்றாவதைப் படித்ததும் உங்களுக்கே ஒரு ஐடியா வந்திருக்குமே? அவர்களுக்கும் வந்தது 🙂

1953 நவம்பர் 21. நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழகமும் மோதுகின்றன. முதல் பாதி முடிய 2 விநாடிதான் பாக்கி. நோட்டர் டேம் அணி எதிரணிக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் கையில் டைம் அவுட் இல்லை. திடீரென்று ஃபிராங்க் வாரிக்கியோனி என்ற வீரர் முதுகைப் பிடித்துக்கொண்டு அலறி விழுகிறார். கடிகாரம் நிற்கிறது. அடுத்த பிளேயில் டச் டவுன்!

ஆட்டத்தின் கடைசி விநாடிகளிலும் இதே கதை. மறுபடி வீரர்கள் விழுந்தார்கள், மறுபடி டச் டவுன். 14-14 என்று ஆட்டம் டிரா.

"ஃபைட்டிங் ஐரிஷ்" என்பது அந்த அணியின் செல்லப் பெயர். பத்திரிகைகள் அதை "ஃபெயின்டிங் ஐரிஷ்" என்று மாற்றிவிட்டன. போராடும் அணி மயங்கி விழும் அணியாகிவிட்டது! அந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லை. இருந்தும் அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் முதலிடம் மேரிலாந்துக்குப் போனது.

ஒரு டாக்டராக என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. அதற்கு நான்கு வாரம் முன்பு, ஜார்ஜியா டெக்குடனான ஆட்டத்தின் இடைவேளையில், இதே அணியின் பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி நிஜமாகவே சுருண்டு விழுந்தார். பாதிரியார் வந்து இறுதிச் சடங்குப் பிரார்த்தனை செய்யும் அளவுக்கு நிலைமை மோசம். பிறகு கணைய அழற்சி என்று சொன்னார்கள்.

ஒரே அணி, ஒரே மாத இடைவெளி. ஒன்று நிஜம், ஒன்று நடிப்பு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் விழுவதுதான்.

கல்லூரி ஆட்டங்களின் விதிப் புத்தகத்தில் உள்ள ஒழுக்க நெறிகள், காயம்போல நடிப்பது நேர்மையற்றது என்று சொல்கின்றன. ஆனால் நெறி என்பது அறிவுரைதானே? அறிவுரையை மட்டும் கேட்டு சிகரெட்டை விட்டவர்கள் எத்தனை பேர்!

அடுத்த கட்டம் 1988 சீசன். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சியாளர் சாம் வைஷ் புது வித்தை ஒன்றைக் கையில் எடுத்தார். பிளேக்களுக்கு இடையே கூடிப் பேசும் வழக்கத்தையே விட்டுவிட்டு, படபடவென்று அடுத்த பிளேயைத் தொடங்குவது. தடுக்கும் அணிக்கு மூச்சு வாங்க நேரமில்லை, ஆள் மாற்ற நேரமில்லை.

அதற்கு எதிரணிகள் கண்டுபிடித்த மருந்துதான் காயம். ஒருவர் விழுந்தால் மீதிப் பத்துப் பேருக்கும் ஓய்வு! சியாட்டில் அணி அப்படிச் செய்ததாகப் புகார் எழுந்தது. அடுத்து 1989 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியுடன் முக்கிய ஆட்டம். தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு லீக் தலைமையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. யாருக்குத் தெரியுமா? வேகமாக ஆடும் பெங்கால்ஸுக்கு! அப்படி ஆடினால் பெனால்டி என்று.

காய்ச்சலை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைத்த கதை.

பெங்கால்ஸ் 21-10 என்று ஜெயித்தது. பிறகு வேக ஆட்டம் சகஜமாகிவிட்டது. அதே பஃபலோ அணி அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து 4 முறை சூப்பர் பவுல் வரை போனது தனிக்கதை.

விதிகளும் வளர்ந்தன. காயத்துக்காக ஆட்டம் நின்றால் அந்த வீரர் குறைந்தது ஒரு பிளேயாவது வெளியே நிற்க வேண்டும். என்எஃப்எல் தொழில்முறை லீக்கில், ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில் காயம் என்றால் அணியின் ஒரு டைம் அவுட் போய்விடும். டைம் அவுட் தீர்ந்திருந்தால் முதல் முறை மன்னிப்பு, அதன்பின் 5 யார்டு பெனால்டி. எதிரணியின் தவறான ஆட்டத்தால் அடிபட்டால் விலக்கு உண்டு.

கவனித்தீர்களா? "நீ நடிக்கிறாயா?" என்று இந்த விதி கேட்கவே இல்லை. நடிப்பின் லாபத்தை மட்டும் குறைக்கிறது. புத்திசாலித்தனமான விதி.

ஆனால் கடைசி 2 நிமிடத்துக்கு மட்டும்தான். மீதி நேரம்?

2010-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் அதிவேக அணிக்கு எதிராக, காயம்போல நடிக்கச் சொன்னதாக கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு ஆட்டத்துக்கு சஸ்பெண்ட் ஆனார். 2011-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் இரண்டு வீரர்கள் ஒரே நேரத்தில் பொத்தென்று விழுந்தார்கள். நாடே டிவியில் பார்த்துச் சிரித்தது. நடித்ததாகச் சொல்வதை அவர்களில் ஒருவர் மறுத்தார். இரண்டே நாளில் லீக் எல்லா அணிகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: அபராதம், தடை, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பறிப்பு எல்லாம் வரலாம் என்று.

இந்த இடத்தில்தான் விதி ஆபத்தான பாதையில் கால் வைக்கிறது. டிவியில் வீடியோ பார்த்து "இது நடிப்பு" என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது.

2022 டிசம்பர் 5, திங்கட்கிழமை இரவு. நியூ ஆர்லியன்ஸ் வீரர் கேமரன் ஜோர்டன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடிப்பு என்று லீக் முடிவு செய்தது. அணி, பயிற்சியாளர்கள், வீரர் எல்லோருக்கும் சேர்த்து 5,50,000 டாலர் அபராதம். அணி எம்ஆர்ஐ ஸ்கேனைக் காட்டியது. பாதத்தின் நடுப்பகுதியில் தசைநார்க் காயம் என்றது. மேல்முறையீட்டில் அபராதம் ரத்து.

சரியாக நான்கு வாரம் கழித்து, 2023 ஜனவரி 2. அதுவும் திங்கட்கிழமை இரவு. பஃபலோவின் 24 வயது வீரர் டமார் ஹாம்லின் எதிரணி வீரரை மோதித் தடுத்தார். எழுந்து நின்றார். அப்படியே பின்னால் சரிந்தார்.

இதயம் நின்றுவிட்டது.

மார்பில் குறிப்பிட்ட நொடியில் விழும் அடி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். "கமோஷியோ கார்டிஸ்" என்போம். மைதானத்திலேயே சிபிஆர், மின் அதிர்ச்சி. பிழைத்தார். மறுபடி விளையாடவும் வந்தார்.

எழுந்து நின்ற பிறகு விழுந்தவர் அவர். "நல்லாத்தானே நின்னான்" என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்திருந்தால்?

இதன் மறுபக்கத்தையும் அதே சீசன்தான் காட்டியது. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி வீரர் டுவா டகோவைலோவா தலை தரையில் மோதி, எழுந்து, தள்ளாடினார். முதுகுவலி என்று சொல்லி மறுபடி ஆட வைத்தார்கள். நான்கு நாளில் அடுத்த ஆட்டத்தில் தலையில் பலத்த அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனார். அதன் பிறகுதான், தள்ளாட்டம் தெரிந்தாலே அன்று ஆடக்கூடாது என்று விதியை இறுக்கினார்கள்.

இல்லாத காயத்தைக் காட்டுபவர் ஏமாற்றுவது ஆட்டத்தை. இருக்கும் காயத்தை மறைப்பவர் பணயம் வைப்பது மூளையை. முதலாமவரைப் பிடிக்கப் போடும் வலையில் இரண்டாமவர் சிக்கிக்கொள்ளக் கூடாது.

இப்போது 2025-க்கு வருவோம். கல்லூரி ஆட்டங்களில் புது விதி. அடுத்த பிளேக்காக நடுவர் பந்தைத் தரையில் வைத்த பிறகு ஒருவரைப் பரிசோதிக்க மருத்துவக் குழு உள்ளே வந்தால், அவரது அணிக்கு ஒரு டைம் அவுட் நஷ்டம். டைம் அவுட் மிச்சமில்லையா? 5 யார்டு பெனால்டி.

இதன் லாஜிக் எளிது. நிஜமாக அடிபட்டவர் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடப்பார். நடிப்பவர் எழுந்து, ஓரத்திலிருந்து சிக்னல் வந்த பிறகு விழுவார். வலியை அளக்க முடியாது, நேரத்தை அளக்கலாம் அல்லவா?

நல்ல விதிதான். ஆனால் மூளை அதிர்ச்சி நேரம் பார்த்து வராது. மோதி முடித்து, எழுந்து, வரிசையில் நின்ற பிறகுதான் சிலருக்குத் தலை சுற்றும். அந்தப் பையன் "உட்கார்ந்தால் டீமுக்கு ஒரு டைம் அவுட் போயிடுமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால், விதி தோற்றுவிட்டது.

இதற்கு இரண்டு காப்பு வேண்டும்.

ஒன்று, தண்டனை வீரரைத் தாண்டி, நடிக்கச் சொல்பவருக்குப் போக வேண்டும். 2024-ல் எஸ்இசி கல்லூரிக் கூட்டமைப்பு இதைத்தான் செய்தது. தலைமைப் பயிற்சியாளருக்கு முதல் முறை 50,000 டாலர், இரண்டாம் முறை 1,00,000 டாலர், மூன்றாம் முறை சஸ்பென்ஷன்.

இரண்டு, ஆட்டத்தை இலவசமாக நிறுத்தும் அதிகாரம் மருத்துவத் தரப்புக்கு இருக்க வேண்டும். என்எஃப்எல்லில் 2015 முதல் மேலே அமர்ந்து கவனிக்கும் மருத்துவப் பார்வையாளர் ஆட்டத்தை நிறுத்தலாம். எந்த அணிக்கும் டைம் அவுட் குறையாது.

நடிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஓபி வரிசையிலும் இருக்கிறார்கள். அதற்காக வரிசையில் நிற்கும் எல்லோரையும் சந்தேகப்பட்டால், ஒருநாள் மாரடைப்போடு வந்தவரை "கேஸ் டிரபிள்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

பத்து நடிகர்களுக்கு ஓய்வு கிடைத்தால் ஓர் ஆட்டம் கெடும். ஒரு நிஜ நோயாளியை நம்பாமல் விட்டால் ஓர் உயிர் போகும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த விளையாட்டு விளையாடினாலும், தலையில் அடிபட்டு "தலை சுத்துது" என்றால், முதலில் நம்புங்கள். அன்றைய ஆட்டத்தை நிறுத்துங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

நடித்தானா இல்லையா என்பதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.