மண்ணைக் காக்க மானியம்

மண் பறக்குமா? பறந்தது. 1934-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நாட்டின் நடுச் சமவெளிகளிலிருந்து கிளம்பிய புழுதிப் படலம், நியூயார்க் நகரத்தின் பகலை மங்கச் செய்துவிட்டு, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மீதும் படிந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமைக்குக் கிடைத்த விலையில் மயங்கி, காலங்காலமாக மண்ணைப் பற்றிப் பிடித்திருந்த புல்வெளிகளை உழுது புரட்டியதன் பலன் அது. மழை பொய்த்தது, பிடிமானம் இழந்த மண் காற்றோடு போயிற்று.

மண் அரிப்பு நாட்டிற்கே பேராபத்து என்று 1928-லேயே எழுதி எச்சரித்தவர் ஹியூ ஹேமண்ட் பென்னட் என்னும் மண்ணியல் அறிஞர். 1935-இல் செனட் குழுவின் முன் அவர் வாதாடியபோது, புழுதிப் புயல் தலைநகரை நெருங்குவதறிந்து, அது வந்து சேரும்வரை பேச்சை நீட்டினார் என்று ஒரு கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், அவ்வாண்டு ஏப்ரல் 27-இல் மண் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. அதற்கென அமைந்த துறைக்குப் பென்னட்டே முதல் தலைவரானார்.

ஆயினும் அரசு உழவர்க்குப் பணம் தரத் தொடங்கியது மண்ணின் மீதுள்ள பரிவால் அன்று. விலை வீழ்ச்சியைத் தடுக்கவே 1933-ஆம் ஆண்டுச் சட்டம், பயிரிடும் பரப்பைக் குறைப்போர்க்குப் பணம் தந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 1 கோடி ஏக்கரில் வளர்ந்து நின்ற பருத்தி உழுது அழிக்கப்பட்டது. இம்முறை செல்லாதென 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, இரண்டு மாதங்களுக்குள் வேறொரு சட்டம் பிறந்தது. பருத்தி, கோதுமை, மக்காச்சோளம், புகையிலை ஆகியவை மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர்களாம். புல்லும் பயறு வகைகளும் மண்ணைக் காப்பவையாம். முன்னவற்றை விட்டுப் பின்னவற்றை விதைப்போர்க்கு உதவித்தொகை! குறைக்கச் சொன்ன பயிர்கள் பெரும்பாலும் பழையவையே. சொன்ன காரணம்தான் புதிது. நீதிமன்றத்திற்கு அஞ்சிப் போர்த்திய போர்வை எனினும், மண்ணுக்கு அது நன்மையே.

பணம் எவர் கைக்குச் சென்றது? தென் மாநிலங்களின் பருத்தி நிலங்களில் உழுதவர் வேறு, உடையவர் வேறு. வாரத்திற்கு உழுத குடிகளில் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரோ நிலவுடைமையாளர். தொகையின் பெரும்பகுதியும் அவருக்கே. பரப்பு குறைந்தபின் குடிகள் எதற்கு? பலர் குடியிருந்த குடிசையிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தின் டைரன்சா என்னும் சிற்றூரில் இரு நிறத்தவரும் ஒன்றுகூடித் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை நிறுவினர். நிறப்பிரிவினை சட்டமாகவே நிலவிய மண்ணில் இஃது எளிய செயலன்று. பழைய குடிகளையே நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திற்குப் பொருள் கூறிய அரசுச் சட்ட அலுவலர்கள், 1935 பிப்ரவரியில் பதவி இழந்தனர். மண்ணுக்கு இரங்கிய அரசு, அதில் உழைத்தவனுக்கு இரங்கத் தயங்கியது.

பின்னர் 1956-இல் ‘மண் வங்கி’ வந்தது. நிலங்கள் தரிசாக ஓய்ந்தன. 1970-களில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதும் மீண்டும் உழவு. அரிப்பு மிகவே, 1985-இல் புதிய திட்டம்: எளிதில் அரிக்கும் நிலத்தில் 10 முதல் 15 ஆண்டுகள் புல்லோ மரமோ வளர்ப்பவருக்கு ஆண்டுதோறும் அரசு வாடகை தரும். 2007-இல் இதில் சேர்ந்திருந்த நிலம் 3 கோடியே 68 இலட்சம் ஏக்கர். அதே காலத்தில் மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் எடுக்கும் தொழில் பெருகி, அதன் விலையும் ஏறிற்று. தவணை முடிந்த நிலங்கள் பல, அரசின் வாடகையை வேண்டாமென்று கலப்பைக்குத் திரும்பின.