துடுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை: ரோயிங் மிஷின் வந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய ரோயிங் மிஷின் வாங்கலாமா, வாங்கினால் எந்த வகை நல்லது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். சறுக்கும் இருக்கையில் உட்கார்ந்து, காலால் உதைத்து, கைப்பிடியை இழுத்து, படகு வலிப்பது போல முன்னும் பின்னும் போய்வருகிற அந்த இயந்திரம்தான். கடையில் நான்கு வகை இருக்கிறது. விலையோ சிலருக்கு ஒரு மாதச் சம்பளம். விலைப்பட்டியலைப் பார்த்து மட்டும் பதில் சொன்னால் அது அரைப் பதில். ஒவ்வொரு வகையும் ஏதோ ஒரு காலத்தில், யாரோ ஒருவருடைய தேவைக்காகப் பிறந்தது. அந்தத் தேவை உங்களுடையதுதானா என்று பார்த்துவிட்டால் தேர்வு சுலபமாகிவிடும். ஆகவே இன்று ஒரு வரலாற்று வகுப்பு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

கரையில் போட்ட பெஞ்சு

கி.மு. 260. சிசிலித் தீவு யாருக்கு என்று ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் சண்டை. கார்த்தேஜ் என்பது இன்றைய துனிசியாவின் கடற்கரையில் இருந்த நகரம். கடலில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ரோமானியர்களோ தரையில் சண்டை போட்டுப் பழகியவர்கள். கரைதட்டி நின்ற ஒரு கார்த்தேஜ் போர்க்கப்பலை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே போல 100 பெரிய கப்பல்களைக் கட்டத் தொடங்கினார்கள். கப்பல் தயாராகிவிடும். ஆனால் துடுப்பு வலிக்க ஆள்? துடுப்பையே தொட்டறியாதவர்கள்தான் இருந்தார்கள்.

அப்போது அவர்கள் செய்ததை பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கப்பலுக்குள் இருக்கிற வரிசைப்படியே தரையில் பெஞ்சுகளைப் போட்டு ஆட்களை உட்கார வைத்தார்கள். நடுவில் தாளம் கொடுப்பவர் நின்றார். அவர் குரலுக்கு எல்லோரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து கைகளைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், பிறகு ஒன்றாக முன்னால் குனிவார்கள். நாம் காலையில் விசில் ஊதி டிரில் எடுத்தோமே, அதே முறைதான். அந்த ஆண்டே மைலே என்ற இடத்தில் நடந்த கடற்போரில் ரோம் வென்றது. எதிரிக் கப்பலில் மாட்டி இறங்குவதற்கு அவர்கள் செய்த கொக்கிப் பாலம்தான் அந்த வெற்றிக்கு முக்கியக் காரணம் என்று சொல்வார்கள். இருந்தாலும், பாலத்தை எதிரிக் கப்பல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது கரையில் பழகிய கைகள்தானே?

இந்த யோசனை ரோமுக்கு முன்பே இருந்திருக்கிறது. அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஏதென்ஸின் கடற்படைத் தளபதி சாப்ரியாஸ் கரையில் மரச்சட்டங்களை அமைத்துப் புதியவர்களுக்குத் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு குறிப்பு உண்டு. ஏதென்ஸின் போர்க்கப்பலில் மூன்று அடுக்குகளாக 170 பேர் வலிப்பார்கள். ஒருவர் தாளம் தப்பினால் அவருடைய துடுப்பு அடுத்தவர் துடுப்பில் போய் மோதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரோமானியர்கள் போட்ட அந்தப் பெஞ்சில் இழுப்பதற்கு எந்தப் பாரமும் இல்லை. முதலில் அசைவு, பலமெல்லாம் பிறகு. இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எண்ணெய் உருளை

இனி ஒரே தாவலாக 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படகுப் போட்டி பெரிய விளையாட்டாக வளர்ந்திருந்தது. அதுவரை போட்டிப் படகில் இருக்கை நகராது. முதுகும் கையும்தான் பெரும்பாடு படும். 1870களில் சறுக்கும் இருக்கை பரவியது. 1873இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதிய படகுப் போட்டியில் இரண்டு அணிகளுமே அதைப் பயன்படுத்தின. அன்றிலிருந்து படகு வலிப்பதில் பெரிய பங்கு காலுக்கு வந்துவிட்டது. ரோயிங் மிஷின் உடம்பு முழுவதற்கும் பயிற்சி தருகிறது என்று சொல்வதற்கு இந்த இருக்கைதான் காரணம்.

அதே காலத்தில், 1872இல், கர்ட்டிஸ் என்ற அமெரிக்கர் திரவ உருளை வைத்த துடுப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அலுவலகக் கதவு மேலே ‘டோர் குளோசர்’ பார்த்திருப்பீர்கள். கதவை வேகமாகத் தள்ளினாலும் அது மெதுவாகத்தான் விடும். உள்ளே எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகப் போக வேண்டியிருப்பதால் வரும் தடை அது. இந்த இயந்திரத்தின் தத்துவமும் கிட்டத்தட்ட அதுதான். 1900 வாக்கில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நாரகான்செட் நிறுவனம் இவ்வகை இயந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அது விற்பனையில் இருந்தது.

1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஒரு துடுப்பு இயந்திரம் இருந்தது. நடுக்கடலில், இயந்திர பலத்தில் ஓடும் கப்பலுக்குள் உட்கார்ந்து பணக்காரப் பயணிகள் பொய்த்துடுப்பு வலித்திருக்கிறார்கள்! அந்தக் கூடத்தின் பயிற்சியாளர் மெக்காலி கப்பலோடு போய்ச் சேர்ந்தார்.

இந்த இயந்திரம் பிறந்தது குறைந்த இடத்தில் வியர்வை சிந்துவதற்காக. பலத்தை அளப்பது அதன் நோக்கமே அல்ல. எண்ணெய் சூடாகச் சூடாக இளகும், தடையும் குறையும். முதல் நிமிடமும் இருபதாவது நிமிடமும் ஒன்றாக இருக்காது.

அளக்கத் தெரிந்த இயந்திரம்

அளக்க வேண்டும் என்ற ஆசை ஆஸ்திரேலியாவில் பெரிதாக வளர்ந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் காட்டன், இரண்டாம் உலகப் போரின்போது விமானிகள் மயங்கி விழாமல் இருக்க ஒரு காற்று உடையை வடிவமைத்தவர். மனித உடம்பின் எல்லை எது என்பதே அவருடைய கேள்வி. 1950களில் அவரும், லெய்க்கார்ட் படகுக் கழகத்தைச் சேர்ந்த, பின்னாளில் இயந்திரவியல் பேராசிரியரான ஜான் ஹாரிசனும் இந்தத் துறையில் இறங்கினார்கள். கனமான இரும்புச் சக்கரம், அதை உரசும் ஒரு பிரேக். ஈரப்பதமும் வெயிலும் கணக்கைக் கெடுக்காதபடி அதை அமைத்தார் ஹாரிசன். வீரர் எவ்வளவு வேலை செய்தார் என்பதை எண்ணாகச் சொல்ல முடிந்தது.

இவ்வகைக் கருவிக்கு எர்கோமீட்டர் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘எர்கான்’ என்றால் வேலை, ‘மெட்ரான்’ என்றால் அளவு. படகு வீரர்கள் சுருக்கமாக ‘எர்க்’ என்பார்கள். ஆனால் அந்த இரும்பு இயந்திரங்கள் கனமானவை, விலையும் அதிகம். சாதாரண மனிதர் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது.

களஞ்சியத்தில் ஒரு சைக்கிள்

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சைக்கிள். டிக், பீட் டிரைசிகேக்கர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் இருவரும் படகு வீரர்கள். டிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 1976இல் கார்பன் இழைத் துடுப்புகள் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் கான்செப்ட்-2. வெர்மான்ட் மாநிலத்தில் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துவிடும். படகு இறங்காது. ஒரு குளிர்காலத்தில் தங்கள் களஞ்சியத் தரையில் ஒரு சைக்கிளை ஆணியடித்து நிறுத்தி, உட்கார்ந்தபடி அதன் செயினை இழுத்துப் பார்த்தார்கள். 1981இல் அது விற்பனைக்கு வந்தது. சைக்கிள் சக்கரம், அதில் விசிறி இதழ்கள், ஒரு செயின், மரக் கைப்பிடி. அவ்வளவுதான்.

சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் ஃப்ரீவீல் தெரியும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றும். இழுத்துவிட்டு முன்னால் போகும்போது விசிறி சுற்றிக்கொண்டே இருப்பதும் அந்த வித்தையால்தான். தண்ணீரில் படகு வழுக்கிப் போவது போன்ற உணர்வு அதில் வந்துவிட்டது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்திருந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்த வீரர்களுக்குப் போக இடமில்லை. பாஸ்டன் நகரில் ஓடும் சார்ல்ஸ் ஆற்றின் படகு வீரர்கள் சிலர், தங்களைத் தாங்களே ‘பழைய பெருங்காய டப்பாக்கள்’ என்று கேலி செய்வது போல ஒரு பெயர் வைத்துக்கொண்டு, குளிர்காலச் சலிப்புப் போக இந்த இயந்திரங்களில் போட்டி நடத்தினார்கள். விளையாட்டாகத் தொடங்கியது பின்னாளில் உலக அளவிலான உள்ளரங்கப் போட்டியாக வளர்ந்தது. இன்று வழக்கமான தூரம் 2,000 மீட்டர்.

ஊர் விட்டு ஊர் ஒப்பிட்டுப் பார்க்க எப்படி முடிகிறது? விசிறிப் பெட்டியின் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் உண்டு. பலர் 10இல் வைத்தால்தான் நல்ல பயிற்சி என்று நினைக்கிறார்கள். அது சைக்கிள் கியர் மாதிரிதான். நீங்கள் முன்னால் போகும் நேரத்தில் விசிறி எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை அந்தச் சின்னக் கணிப்பொறி ஒவ்வொரு இழுப்பிலும் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆகவே மதுரையில் வரும் எண்ணும் மெல்போர்னில் வரும் எண்ணும் ஒரே பொருளுள்ளவை.

ஒரு சின்னக் கணக்கு. 500 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் கடக்க ஏறக்குறைய 104 வாட் வேண்டும். 2 நிமிடத்தில் கடக்க 203 வாட். நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, உழைப்போ இரண்டு மடங்கு. காற்றை எதிர்க்கும்போது வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத் திறன் கூடுவதே காரணம். நம் கூரையில் சுற்றும் பழைய மின்விசிறிக்குச் சுமார் 75 வாட் போதும் என்று நினைத்துப் பாருங்கள்!

தண்ணீரும் காந்தமும்

1980களின் பிற்பகுதியில் ஜான் டியூக் என்ற அமெரிக்கப் படகு வீரர் வேறு வழியில் யோசித்தார். மரச்சட்டத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குள் சுழலும் துடுப்பு இதழ்கள். அதுவே வாட்டர்ரோவர். விசிறியின் இரைச்சலுக்குப் பதில் சலசலப்பு. கூடத்தில் வைத்தாலும் மரச்சாமான் போல அழகாக இருக்கும்.

நான்காவது வகை காந்தம். பழைய ஈ.பி. மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுமே, அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஒரு காந்தம். தொடாமலேயே பிடித்து நிறுத்தும் இந்தச் சுழல் மின்னோட்டத்தை 1855இல் கண்டவர், ஊசலை வைத்துப் பூமி சுற்றுவதைக் காட்டிய அதே ஃபூக்கோ. காந்தத் தடையில் சத்தமே அநேகமாக இருக்காது.

இனி உங்கள் தேர்வு

அடுக்ககத்தில் இருக்கிறீர்கள், கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பயிற்சி விடிகாலை 5 மணிக்கு என்றால் காந்த வகை. எண்கள் வாரா வாரம் உங்கள் முன்னேற்றத்தைக் காட்டும், ஆனால் அடுத்தவர் இயந்திரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

போட்டி மனம் உள்ளவர்கள், கணக்கு வைத்து முன்னேற ஆசைப்படுபவர்கள், காற்று விசிறி வகைக்குப் போங்கள். சுமார் 8 அடி நீளம் வேண்டும். சத்தம் பெரிய டேபிள் ஃபேன் ஓடுவது போல இருக்கும்.

சத்தமும் தோற்றமும் மனத்துக்கு இதமாக இருந்தால்தான் தினமும் உட்காருவேன் என்பவர்களுக்குத் தண்ணீர் வகை. தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க அவ்வப்போது மாத்திரை போட வேண்டும். இடம் மாற்றுவது சிரமம்.

இடமும் பணமும் குறைவு, பத்து நிமிடப் பயிற்சி போதும் என்றால் எண்ணெய் உருளை வகை தப்பில்லை. அதனிடம் துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள்.

என் வயதுக்காரர்களுக்கும், முழங்கால் வலிக்கும் அக்கா அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. வகையை விட இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். சில இயந்திரங்களில் அது தரையிலிருந்து 14 அங்குலம், சிலவற்றில் 20 அங்குலம். அந்த 6 அங்குலம்தான் நீங்கள் தினமும் எழுந்திருப்பீர்களா, இல்லையா என்பதை முடிவு செய்யும். உயரமானவர்கள் தண்டவாளத்தின் நீளத்தைப் பாருங்கள், காலை முழுதாக நீட்ட முடிய வேண்டும். எதுவானாலும் கடையில் 10 நிமிடம் உட்கார்ந்து வலித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இதய நோயோ முதுகுத் தண்டில் தொந்தரவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வாங்கிய பிறகு முதல் வாரம் ரோமானியப் பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைக் குறைத்து வைத்து அசைவை மட்டும் பழகுங்கள். இழுக்கும்போது முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பும்போது முதலில் கை, பிறகு முதுகு, கடைசியில் கால். முதுகை வளைத்துக்கொண்டு முரட்டுத்தனமாக இழுத்தால் இடுப்புதான் பதில் சொல்லும்.

உங்களில் பலருக்கு ஐம்பது நெருங்குகிறது. மைதானத்தில் நிற்காமல் ஓடிய கால்கள் இன்று பத்து மணி நேரம் நாற்காலிக்கு அடியில் கிடக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நீங்கள் எழுதும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களை விட நான் முந்திப் போக வேண்டியவன், அந்த வரிசை மாறக் கூடாது. எந்த இயந்திரமானாலும் சரி, அதில் ஈரத் துண்டு காயப்போடாமல் நீங்கள் உட்கார்ந்தால் போதும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன வகை, எத்தனை நாள் தொடர்ந்தீர்கள் என்று கீழே உண்மையாக எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்