சிங்க வேட்டைக்குப் பதில் ஓட்டப் பந்தயம்

கென்யாவின் தெற்கே, கிளிமஞ்சாரோ மலையைப் பார்த்தபடி கிடக்கும் அம்போசெலி புல்வெளியில் மசாய் இளைஞன் வீரன் என்று பேர் வாங்க ஒரு வழி இருந்தது: ஈட்டியோடு சிங்கத்தின் எதிரே போய் நிற்பது. அந்த வேட்டைக்கு ‘ஒலமாயியோ’ என்று பெயர். முதல் ஈட்டியைப் பாய்ச்சியவனுக்கு ஊரில் தனி மரியாதை, பெண்கள் மத்தியில் பெருமை. 1977-இல் கென்ய அரசு வேட்டையைத் தடை செய்தது. சட்டம் வந்ததே தவிர, சிங்கங்கள் சாவது நிற்கவில்லை. ஊரே கொண்டாடும் காரியத்தை அரசாணைக்காக யார் விடுவார்கள்?

மாற்றம் மசாய்களுக்குள்ளிருந்தே வந்தது. ‘மொரான்’ எனப்படும் இளம் வீரர்களுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து வழிகாட்டும் பெரியவர்களை ‘மென்யே லாயியோக்’ என்பார்கள். சிங்கக் கொலையை எங்கள் வழக்கத்திலிருந்து எடுத்துவிட உதவுங்கள் என்று 2008-இல் வனவிலங்குப் பாதுகாவலர்களிடம் கேட்டவர்கள் அவர்கள்தான். அதில் பிறந்தது, பிக் லைஃப் அறக்கட்டளையின் துணையோடு 2012 டிசம்பரில் கிமானாவில் தொடங்கிய மசாய் ஒலிம்பிக்ஸ்.

உடற்கல்வி ஆசிரியராகவே வாழ்ந்தவன் நான். போட்டிகளைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பி கிடையாது, ஓடிவந்து தாண்டுவதும் கிடையாது. தலைக்கு மேலே ஒரு கயிறு. நின்ற இடத்திலேயே விறைப்பாக எம்பி, உச்சந்தலையால் அதைத் தொட வேண்டும். அவர்களுடைய ‘அடுமு’ ஆட்டத்தின் குதிப்பு அப்படியே களத்துக்கு வந்துவிட்டது! ‘ருங்கு’ என்ற கைத்தடியைக் குறிபார்த்து எறிய வேண்டும். ஈட்டியில் தூரம்தான் கணக்கு. 200, 800, 5,000 மீட்டர் ஓட்டங்களும் உண்டு. பெண்களுக்குத் தனி ஓட்டங்கள். லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1:40.91-இல் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா ஒரு மசாய்; அவரே இதற்குப் புரவலர். வெல்லும் அணிக்குப் பொலிகாளை பரிசு. மாடே செல்வம் என்றிருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கோப்பை ஏது?

ஆனால் விளையாட்டு மட்டும் சிங்கத்தைக் காப்பாற்றிவிடாது. பேருக்காகக் கொன்றவர்கள் போக, மாட்டைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் கொன்றவர்களும் உண்டு. அதற்காக அதே வட்டாரத்தின் இம்பிரிகானியில் 2003-லிருந்தே இழப்பீட்டு நிதி ஒன்று இருக்கிறது. சிங்கம் அடித்த மாட்டுக்குப் பணம் தருவார்கள். யாராவது ஒருவர் சிங்கத்தைக் கொன்றால், அந்தத் தவணையில் அந்தப் பகுதியில் எவருக்கும் பணம் கிடையாது.