கசங்கிய நட்சத்திர நோட்டின் சாட்சியம்

பழுதான தாளுக்கு ஈடாக அச்சாகும் நட்சத்திர நோட்டுக்குப் பணத்தாள் சேகரிப்போர் விலை வைக்கும் முறை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. வங்கிக் கட்டிலிருந்து நேரே எடுத்த, மடிப்பு விழாத தாளுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. பல கை மாறிக் கசங்கிய தாளுக்கு அதில் அச்சிட்ட தொகைக்கு மேல் யாரும் தருவதில்லை. கண்ணுக்கு அழகான தொகுப்பை விரும்புகிறவருக்கு இந்த அளவுகோல் போதும். எந்த வரிசையில் எத்தனை நட்சத்திர நோட்டுகள் அச்சாயின என்று அறிய விரும்பும் ஆய்வாளரை அது வழிதவறச் செய்கிறது. அவருக்குக் கசங்கிய நோட்டே நம்பத்தகுந்த சான்று என்பது இக்கட்டுரையின் வாதம். மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில், வானூர் வட்டத்தில் உள்ள இடையஞ்சாவடியையும் அதைச் சுற்றிப் புழங்கும் பணத்தையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

2006 ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய கட்டுகளில் நூறு தாள்களும் தொடர் எண் கொண்டிருந்தன. ஒரு தாள் பழுதானாலும் அதே எண்ணில் வேறொன்றை அச்சிட்டு அந்த இடத்தில் வைத்தாக வேண்டும். ஓர் எண்ணுக்காக எந்திரத்தைத் தனியே நிறுத்தி அமைப்பது நேரத்தையும் உழைப்பையும் தின்னும் வேலை. இதற்கு மாற்றாக, முதலில் 10, 20, 50 ரூபாய்த் தாள்களில் நட்சத்திர வரிசை வந்தது. எண்ணுக்கு முன்வரும் எழுத்துத் தொகுதிக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். மற்றபடி எந்த வேறுபாடும் கிடையாது. பழுதான தாளை நீக்கிவிட்டு நட்சத்திர வரிசையில் அடுத்து நிற்கும் தாளைச் செருகிவிடுவார்கள். கட்டில் நூறு தாள் இருக்கும், எண் தொடர்ச்சி மட்டும் அறுபட்டிருக்கும். உள்ளே நட்சத்திர நோட்டு இருப்பதைக் கட்டைச் சுற்றிய காகிதப் பட்டையே தெரிவிக்கும் என்றும் வங்கி அறிவித்தது. பின்னர் 100 ரூபாய்த் தாளிலும் இம்முறை வந்தது. பணமதிப்பு நீக்கத்தை அடுத்து, 2016 டிசம்பரில், அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் கையொப்பமிட்ட புதிய 500 ரூபாய்த் தாளிலும் இக்குறி முதன்முறையாக இடம்பெற்றது.

பிற நாடுகளும் இதே சிக்கலைத் தத்தம் வழியில் தீர்த்துக்கொண்டன. அமெரிக்கா 1910இலிருந்து நட்சத்திரம் இடுகிறது. ஆஸ்திரேலியா 1948 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை எண்ணின் இறுதியில் நட்சத்திரம் இட்டது. மலேசியா இசட் எழுத்தில் தொடங்கும் தனி வரிசையை ஒதுக்கியது. இவற்றில் அமெரிக்க முறையே ஆய்வுக்கு வாய்ப்பானது. அங்கே அச்சகம் மாதந்தோறும் உற்பத்தி அறிக்கை வெளியிடுகிறது. எந்த நட்சத்திர வரிசை எவ்வளவு அச்சானது என்பதைச் சேகரிப்பாளர் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நம் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை எந்த மதிப்பில் எத்தனை தாள்கள் புழக்கத்தில் உள்ளன என்று சொல்கிறது. நட்சத்திர நோட்டை அது தனியே பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே இங்கே எண்ணிக்கையை நோட்டுகளிடமிருந்தேதான் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதற்கு முன், நட்சத்திரம் எதைச் சொல்லாது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பணத்தாளில் முதலில் பின்னணி வண்ணங்கள் ஏறும், அடுத்து, விரலுக்குத் தட்டுப்படும்படி மேலெழும்பி நிற்கும் செதுக்கச்சு, அதன்பின் எண், கடைசியில் வெட்டு. எண் ஏறுமுன் கழித்த தாளுக்குப் பதில் தாள் தேவைப்படாது, ஏனெனில் அதற்கு இன்னும் எண்ணே இல்லை. எண் ஏறிய பிறகு கண்டுபிடித்த பழுதுக்குத்தான் நட்சத்திரம் வருகிறது. நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு அச்சகங்களின் மொத்தக் கழிவையும் நட்சத்திர நோட்டுகளை எண்ணி மதிப்பிட முனைவது இதனால் பிழையாகிறது. நட்சத்திர நோட்டையே அச்சுப் பிழை என்று விற்பது அதைவிடப் பெரிய பிழை. பிழையான தாள் அச்சகத்திலேயே அழிந்துபோனது. நம் கையில் இருப்பது அதற்கு ஈடாக வந்த குறையற்ற தாள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகள் தவித்தன. 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்ன கணக்கு 1550. கைப்பற்றிய டாங்கிகளின் தொடர் எண்களை ஆராய்ந்த புள்ளியியலாளர்கள் 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மானியப் பதிவேடுகளைப் பார்த்தபோது அங்கே இருந்தது 342. முறை எளிது. கண்ணில் பட்டவற்றுள் மிகப்பெரிய எண்ணை எடுத்து, அதை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை அதே எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும். குறிப்பிட்ட நட்சத்திர வரிசையில் ஒன்பது நோட்டுகள் கிடைத்து, அவற்றுள் பெரிய எண் 4,50,000 என்று வைத்துக்கொண்டால், அவ்வரிசையில் ஏறத்தாழ 5 லட்சம் அச்சாகியிருக்கும் என்று மதிப்பிடலாம்.

ஆனால் இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதிரிகள் ஒன்றையொன்று சாராமல், வரிசையின் எந்தப் பகுதியிலிருந்தும் வரும் வாய்ப்போடு வந்திருக்க வேண்டும். புதுமெருகு மாறாத நோட்டு இந்த நிபந்தனையில்தான் தோற்கிறது. வணிகரிடம் வரிசையாகக் கிடைக்கும் இருபது நோட்டுகள் பெரும்பாலும் ஒரே வங்கிக் கிளைக்கு ஒரே நாளில் வந்த சில கட்டுகளிலிருந்து எடுத்தவை. எண்கள் அடுத்தடுத்து நிற்கும். பார்வைக்கு இருபது சான்றுகள், கணக்குக்கு ஒன்றோ இரண்டோ. கசங்கிய நோட்டின் கதை வேறு. மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாரியவரின் கூலியாக வந்து, மளிகைக் கடைக்கும் மீன் கூடைக்கும் பேருந்துக்கும் போய், புதுச்சேரிச் சந்தையைச் சுற்றி இடையஞ்சாவடிக் கடையின் கல்லாவில் விழுந்திருக்கும். தன்னோடு கட்டிலிருந்து புறப்பட்ட அண்டை எண்களை அது எப்போதோ பிரிந்துவிட்டது. அந்தப் பிரிவே அதைத் தனிச் சான்றாக்குகிறது. அதே கல்லாவில் கிடைக்கும் இன்னொரு நட்சத்திர நோட்டு வேறொரு திசையிலிருந்து, வேறொரு ஆண்டில் வெளிவந்ததாக இருக்கக்கூடும். விலைப்பட்டியல் ஒதுக்கும் தாளைக் கணக்கு ஏற்றுக்கொள்கிறது.

இடையஞ்சாவடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கலப்புதான். ஊர் உப்பளத்தை ஒட்டியதன்று. ஆனால் உப்பளக் கூலி, மீனவர் பணம், புதுச்சேரி வணிகம், பக்கத்து ஆரோவில்லுக்கு வந்துபோகிறவர்கள் மாற்றும் பணம் என நாலாபுறத்துப் பணமும் சிறு கடைகளில் சேரும். உப்பு வேலை வெயில் மாதங்களில் சூடுபிடித்து, வடகிழக்குப் பருவமழையோடு அடங்கும். கூலிப் பணத்தின் ஓட்டமும் அதோடு ஏறி இறங்கும். ஒரே கடையில் மழைக்கு முன்னும் பின்னும் பதிவு செய்தால், மாதிரி எவ்வளவு மாறுகிறது என்பதையும் சோதித்துப் பார்க்கலாம்.

புதிய கட்டுகளை நான் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அவற்றில் வேறோர் அரிய தகவல் உண்டு. பட்டையோடு முழுதாக இருக்கும் தொடர் எண் கட்டு ஒன்றைப் பார்த்தால், எந்தச் சாதாரண எண்ணுக்குப் பதிலாக எந்த நட்சத்திர எண் வந்தது என்று நேராகத் தெரியும். நீக்கிய தாளின் எண்ணைச் சொல்லக்கூடியதாக நம் கைக்கு எட்டும் ஆவணம் அதுதான். அதைத்தான் நாம் முதலில் அழிக்கிறோம். மொய் எழுதவும் தீபாவளி, பொங்கலுக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் புதிய பத்து ரூபாய்க் கட்டுகளை வங்கியில் கேட்டு வாங்குகிறோம். பட்டையைக் கிழித்த நொடியில் அச்செய்தி போய்விடுகிறது. சேகரிப்பாளரும் நட்சத்திரத் தாளை மட்டும் உருவி உறையில் போட்டு, மீதித் தொண்ணூற்றொன்பதைச் செலவழித்துவிடுகிறார். தாள் தப்பியது, அதன் இடம் தொலைந்தது. கட்டைக் கலைக்குமுன் முன்பின் எண்களோடு ஒரு படம் எடுத்து வைத்தால் கூடப் போதும். இதைச் செய்யாத தொகுப்புகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. வரிசை 1 என்ற எண்ணிலிருந்துதான் தொடங்கியது என்பதற்கு உறுதியில்லை. இடையில் எண்கள் விடுபட்டிருக்கலாம். ஆகவே கணக்கை மதிப்பு, முன்னெழுத்து, எண் கட்டத்தின் உள்ளெழுத்து, ஆளுநர் கையொப்பம், பின்புறத்தில் அச்சிட்ட ஆண்டு ஆகிய ஐந்தும் ஒத்த நோட்டுகளுக்குள் மட்டுமே செய்ய வேண்டும். மிகச் சிறிய எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வதந்தியும் மாதிரியைக் கெடுக்கும். நட்சத்திரமுள்ள 500 ரூபாய்த் தாள் கள்ளநோட்டு என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவ, மற்றெந்தத் தாளையும் போல் அதுவும் செல்லும் என்று 2023 ஜூலை 27 அன்று ரிசர்வ் வங்கி விளக்க நேர்ந்தது. பயந்தவர்கள் அத்தாளை விரைந்து தள்ளிவிட்டிருப்பார்கள். அதனால் 500 ரூபாய்த் தாளைவிட, யாரும் உற்றுப் பார்க்காத 10, 20 ரூபாய்த் தாள்களே இக்கணக்குக்குத் தூய்மையானவை என்று கருதுகிறேன்.

தாளின் தேய்வைக் குறையாகக் காணும் பழக்கம் இந்தக் கரையின் பழைய நோட்டுகளிடம் செல்லுபடியாகவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீன வங்கி புதுச்சேரிக்கென வெளியிட்ட ரூபாய்த் தாள்களில் மடிந்து கிழிந்ததையும் ஆய்வாளர்கள் எண் குறித்துப் பட்டியலிடுகிறார்கள். அவை அரிதாகிவிட்டதால் அந்த மரியாதை கிடைக்கிறது. இன்றைய நட்சத்திரத் தாளுக்கு அரிதாகும்வரை காத்திருக்க நேரமில்லை. நம் பணத்தாள் முழுக்கப் பருத்தியால் ஆனது, ஈரத்தை இழுக்கும். வியர்வையும் உப்புக் காற்றும் படும் கரையில் சிறு மதிப்புத் தாள் விரைவில் நைந்து, வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி, எந்திரத்தில் துண்டுகளாகிவிடும். 2006இல் அப்போதைய ஆளுநர் ஒய். வி. ரெட்டி கையொப்பத்தோடு வந்த முதல் நட்சத்திரப் பத்து ரூபாய்த் தாள்களை இன்று கல்லாவில் காண்பது கடினம். அவற்றைக் காண்கிறவர் வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. இருபக்கமும் படம் எடுத்து, ஊரையும் மாதத்தையும் எழுதிவிட்டு, தாளைத் திரும்பச் செலவழித்துவிடலாம்.