பாம்பு சாகும்வரை வளருமா? அளந்து பார்த்தவர்களின் வரலாறு

“பாம்பு உயிரோடு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.” மாணவர் கட்டுரைகளில் இந்த வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும். சரி போடுவதா, சிவப்பு மையால் அடிப்பதா என்று நமக்கே குழப்பம் வரும். உண்மையில் இது பாதி சரி. மீதிப் பாதி எப்படித் தவறானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சான்றுகளை எடைபோட்டுப் பார்க்க மாணவர்களுக்கு நல்ல பயிற்சி என்பதால் அதை இங்கே தருகிறேன்.

முதலில் சரியான பாதி. மனிதனின் உயரம் இளமையிலேயே நின்றுவிடும். பாம்பு அப்படிப் பட்டென்று நிற்பதில்லை. ஆனால் அதன் வளர்ச்சி ஒரே வேகத்தில் போவதும் இல்லை. முதல் சில ஆண்டுகளில் கிடுகிடுவென்று வளரும். இனப்பெருக்கப் பருவம் வந்ததும் வேகம் குறையும். முதுமையில் வளர்ச்சி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். இரை எவ்வளவு கிடைக்கிறது, ஆணா பெண்ணா, எந்த இனம் என்பதையெல்லாம் பொறுத்து இது மாறும்.

அப்படியென்றால் வயதான பாம்பெல்லாம் ராட்சதப் பாம்பா? இல்லை. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு பந்து மலைப்பாம்பு இருந்தது. அதை வீட்டில் வளர்த்தவர் 1961-இல் அங்கே ஒப்படைத்தார். 2020-இல் அது முட்டையிட்டபோது வயது 60-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பந்து மலைப்பாம்பு சிறிய இனம். 2 மீட்டரைக்கூட எட்டுவது அபூர்வம். அறுபது ஆண்டு வாழ்ந்தாலும் இனத்தின் எல்லை எல்லைதான்.

சரி, பெரிய இனத்துக்கு வருவோம். நம் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் வாழும் ‘உலார் சாவா’ மலைப்பாம்புதான் உலகிலேயே நீளமான பாம்பு. இதைப் பற்றிய கதைகளில் 10 மீட்டர், 15 மீட்டர் என்பதெல்லாம் சர்வசாதாரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 30 அடிக்கு மேற்பட்ட பாம்பைக் கொண்டுவருபவருக்கு 1,000 டாலர் பரிசு என்றார். நியூயார்க் விலங்கியல் சங்கம் பின்னர் அதை 50,000 டாலர் வரை உயர்த்தியது. பல பத்தாண்டுகள் ஓடின. கடைசிவரை ஒருவர்கூட அந்தப் பணத்தை வாங்கவில்லை.

பரிசை யாரும் வாங்காவிட்டாலும், பெரிய பாம்புகளைப் பற்றிய செய்திகள் நிற்கவில்லை. அளந்தபோது என்ன ஆனது என்று பாருங்கள்:

• பிட்ஸ்பர்க் நகரக் காட்சிசாலையில் 1949 முதல் 1963 வரை இருந்த ‘கொலோசஸ்’ என்ற மலைப்பாம்பு 8.69 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. இறந்தபின் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டை அளந்தபோது 6.35 மீட்டர்.

• இல்லினாய் மாநிலத்தில் காட்சிக்கு வைத்திருந்த ‘பேபி’ என்ற பர்மிய மலைப்பாம்பு 8.23 மீட்டர் என்று பெயர் பெற்றது. இறந்தபின் அளந்தால் 5.74 மீட்டர்தான்.

• மத்திய ஜாவாவில் ஏறத்தாழ 15 மீட்டர் பாம்பு பிடிபட்டதாக 2003-இன் இறுதியில் உலகமே பேசியது. நேரில் போன ஒரு பத்திரிகையாளர் அளவுநாடா பிடித்தார். 7 மீட்டரைத் தாண்டவில்லை.

• 2016 ஏப்ரலில் பினாங்கின் பாயா தெருபோங் பகுதியில் கட்டுமான இடத்தில் பிடிபட்ட பாம்பு 8 மீட்டர் என்று செய்தி வந்தது. சில நாளில் அது செத்துப்போனது. முறைப்படி அளந்து உறுதிசெய்த பதிவு இல்லாததால் அந்த எண் வெறும் செய்தியாகவே நின்றுவிட்டது.

எல்லாரும் பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உயிருள்ள பெரிய பாம்பு நேராகப் படுத்துக் கொடுக்காது. வளைவு வளைவாகத் துண்டு துண்டாக அளந்து கூட்டினால் தவறும் கூடிக்கொண்டே போகும். உரித்த தோலோ இழுத்தால் நீளும். இவற்றோடு பயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்! “சாகும்வரை வளரும்” என்ற நம்பிக்கை இருந்ததால், பெரிய எண்ணைக் கேட்டவர்களும் சந்தேகப்படவில்லை.

கவனமாக அளந்தவர்கள் சொல்வது என்ன? தெற்குச் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளை அளந்த ஆய்வில், மிக நீளமானது சுமார் 6 மீட்டர். காலிமந்தானின் பாலிக்பாப்பான் அருகே மயக்க மருந்து கொடுத்து அளந்த ஒன்று 6.95 மீட்டர். 7 மீட்டரைத் தாண்டுவது உண்டு, ஆனால் மிக அபூர்வம்.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. “குட்டிப் பாம்புதானே, எவ்வளவு வளர்ந்துவிடப் போகிறது” என்று நினைப்பதும் ஆபத்து. பர்மிய மலைப்பாம்பு சில ஆண்டுகளிலேயே 3 மீட்டரைத் தாண்டிவிடும். ஃபுளோரிடாவில் வளர்க்க முடியாமல் விட்டவையும் தப்பியவையும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்குள்ள பாலூட்டிகளை அழித்துவருகின்றன. 2012-இல் அமெரிக்கா இவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியே இல்லை.

ஆகவே, அந்த வாக்கியத்தை அடிக்க வேண்டாம், திருத்தச் சொல்லுங்கள்: “பாம்பு நீண்ட காலம் வளரும், ஆனால் வயது கூடக் கூட வளர்ச்சி குறையும், இனத்துக்கு ஏற்ற எல்லை உண்டு.” தேர்வில் எண் எழுதும் மாணவர், அதை யார், எப்படி அளந்தார் என்றும் ஒரு வரி சேர்த்தால் கருத்துக்கு வலு கூடும்.

வகுப்பில் கலந்துரையாட:
1. மேற்கண்ட நான்கு செய்திகளில் எதை அதிகம் நம்பலாம்? ஏன்?
2. அறிவித்த அளவுக்கும் உண்மையான அளவுக்கும் வேறுபாடு வரக் காரணங்கள் மூன்றை எழுதுக.
3. ‘பெரிய விலங்குகளை வீட்டில் வளர்க்கலாமா?’ என்ற தலைப்பில் வாதக் கட்டுரைக்குச் சட்டகம் தயாரிக்கவும்.